பத்ரிதீன் செய்த வியன்னாத் தியாகம்

வியன்னா விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை என்று பத்ரிதீன் முடிவு செய்தபோது அவர் கையில் ஒரு கிண்ணம் பச்சைத் தேநீர் இருந்தது. அந்த வீட்டில் அவர் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

சமர்கந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் சரித்திர வாத்தியார். இருபது வருஷமாக வியன்னாவைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். வியன்னாவைப் பார்த்ததில்லை. இப்போது குடும்பத்தில் நாலு பேருக்கும் விசா வந்தாயிற்று. டிக்கெட் எடுப்பது மனைவி நசீபாவின் இலாகா. அங்கே போய் எதையெதைப் பார்ப்பது என்பது தன் இலாகா என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

“முதல் நாள் அருங்காட்சியகம். ரெண்டாம் நாள் அதோட மிச்சம். மூணாம் நாள் பழைய நூலகம். நாலாம் நாள் கல்லறைத் தோட்டம்.”

“கல்லறையா?” என்றாள் பதின்மூன்று வயது மகள் மொஹீரா. “அங்க நமக்கு யாரு இருக்கா?”

“பெரிய பெரிய சங்கீத மேதைங்க இருக்காங்க.”

“நாம போனா பாடுவாங்களா?” என்றான் சின்னவன் தோஸ்தோன்.

“இதுங்களுக்கு ராட்டினம் வேணுமாம்,” என்றாள் நசீபா. “அந்த ஊர்ல மினார் ஒசரத்துக்கு ஒரு ராட்டினம் இருக்காமே. எனக்கும் ஏறணும்.”

“ராட்டினத்துல ஏறினா என்ன தெரியும்?”

“ஊரு தெரியும்.”

பதில் சொல்ல முடியாத இடத்தில் பத்ரிதீன் விளக்கம் சொல்லுவார். ஆயிரத்து அறுநூற்று எண்பத்து மூன்றில் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டதைச் சொன்னார். அவர்கள் தோற்றோடியதும் ஊர் ரொட்டிக்காரர்கள் பிறை வடிவத்தில் ரொட்டி சுட்டதாக ஒரு கதை உலவுவதைச் சொன்னார். அது கட்டுக்கதை என்றார். கட்டுக்கதை என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு என்றார். இரண்டாவது காரணத்தில் தோஸ்தோன் தூங்கிவிட்டான்.

இதற்கு அவர் வைத்திருந்த பெயர்தான் விளக்கம். வீட்டில் இதற்குக் கடி என்று பெயர்.

“அப்பா, கொஞ்ச நேரம் கடிக்காம இருங்களேன்,” என்றாள் மொஹீரா.

பத்ரிதீன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். தியாகம்.

“அப்ப நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் வரலை. திராட்சைப் பந்தலுக்குத் தண்ணி விட ஒரு ஆளு வேணுமில்ல?”

அவர் போட்ட கணக்கு இது: தேநீர் ஆறுவதற்குள் நசீபா கண் கலங்குவாள். நீங்க இல்லாம எப்படிங்க என்பாள். இவர் சற்று நேரம் முறுக்கிக்கொள்வார். பிறகு பெரிய மனது பண்ணிக் கல்லறையை மட்டும் விட்டுக்கொடுப்பார்.

“சரிங்க,” என்றாள் நசீபா. “தண்ணி காலையிலயே விட்டுடுங்க. வெயில்ல விட்டா இலை கருகிடும்.”

தேநீர் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு எர்காஷிடம் முறையிட்டார்.

“பதறாதீங்க வாத்தியாரே,” என்றார் எர்காஷ். “சாப்பாட்டைக் குறைங்க. அது ஒண்ணுதான் பொம்பளைங்களுக்குத் தாங்காது.”

அன்று பார்த்து வீட்டில் புலாவ். நடுவில் வைத்த பெரிய தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துவிட்டுப் பத்ரிதீன் கையை இழுத்துக்கொண்டார். பெருமூச்சும் விட்டார்.

“பசிக்கலையா?”

“எனக்கென்ன பசி இனிமே.”

“தோஸ்தோன், அப்பா பக்கம் இருக்கற கறியை எடுத்துக்கோ. வீணாகக் கூடாது.”

ஒரு நாள், “டிக்கெட் எடுத்தாச்சு,” என்றாள் நசீபா. எத்தனை என்று கேட்க அவர் நாக்கு துடித்தது. மானம் தடுத்தது. அன்று சாயங்காலம், யாரும் இல்லையென்று நினைத்து, பழைய வியன்னா வரைபடத்தை மடியில் விரித்தார். நூலகத்திலிருந்து ஆற்றங்கரை வரை விரலாலேயே நடந்து போனார். ஒரு சந்தில்கூட வழி தவறவில்லை. வாசற்படியில் நின்று பார்த்த நசீபா, வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனாள்.

கிளம்பும் காலை வந்தது. வாசலில் டாக்சி. நசீபா ரொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள். பயணம் போகிறவர் ஒரு ரொட்டியில் ஒரே ஒரு கடி கடித்துவிட்டுப் போக வேண்டும். மிச்சம் சுவரில் தொங்கும். அதைத் தின்பதற்காகவாவது ஆள் பத்திரமாகத் திரும்பி வருவார் என்பது ஊர் நம்பிக்கை. மொஹீரா கடித்தாள். தோஸ்தோன் கடித்தான். நசீபா கடித்தாள். இன்னும் ஒரு ரொட்டி முழுசாக இருந்தது.

“அது யாருக்கு?” என்றார் பத்ரிதீன்.

“கடிங்க.”

அவள் மனம் மாறுவதற்குள் அவர் கடித்தார். கடித்தது கால் ரொட்டி. சமர்கந்து ரொட்டி லேசில் கரையாது. வாய் முழுவதும் அடைத்துக்கொண்ட பிறகு நசீபா பேச ஆரம்பித்தாள்.

“நாலு டிக்கெட்தான் எடுத்தேன். உங்க துணி பச்சைப் பெட்டியில இருக்கு. வரைபடமும் அதுலதான். நூலகத்துக்கு ஒரு நாள் முழுக்க நீங்க தனியா போயிக்கலாம், நாங்க கூப்பிட மாட்டோம். மத்த நாளெல்லாம் ராட்டினம். ஆனா ஒண்ணு. உங்களுக்கு இந்த ஒரு கடிதான். திரும்பி வர்ற வரைக்கும் யாரையும் கடிக்கக் கூடாது. சரியா?”

பத்ரிதீனுக்கு மூன்று ஆட்சேபங்கள் இருந்தன. ரொட்டியைத் தாண்டி ஒன்றுக்கும் வழி கிடைக்கவில்லை. தலையை ஆட்டினார்.

வாசலில் எர்காஷ் தண்ணீர்க் குழாயோடு நின்றார். “பந்தலைப் பத்திக் கவலைப்படாதீங்க வாத்தியாரே. விசாவுக்குக் குடுத்தப்பவே நசீபா தங்கச்சி சாவியைக் குடுத்துடுச்சு.”

பாதியை விழுங்கிவிட்டுப் பத்ரிதீன் கேட்டார். “அப்ப சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னது?”

“அதுவும் தங்கச்சி சொல்லச் சொன்னதுதான். விமானத்துல இருக்கை சின்னதாம்.”

டாக்சி ஊர் எல்லையைத் தாண்டியது. மேட்டின் மேல் பழைய வானாய்வுக்கூடம் தெரிந்தது. மீதி ரொட்டியும் அப்போதுதான் தொண்டையைக் கடந்திருந்தது.

“மொஹீரா, அதோ பாரு, பதினஞ்சாம் நூற்றாண்டுல அந்த மேட்டு மேல…”

மொஹீரா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

“மிச்சத்தை வீட்டுக்கு வந்து கடிச்சுக்கோங்கப்பா.”