முதலாளியின் முட்டை

"நம்ம முட்டை பெருசுன்னு சொல்லப்பா," என்றார் முதலாளி முருகானந்தம்.

வேலைக்கு மனுப் போட்டபோது அர்த்தநாரி 'ஸ்பானிஷ் நன்றாகத் தெரியும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தான். செல்போனில் மூன்று மாதம் படித்ததுதான். நாமக்கல் முட்டைக் கம்பெனியில் யார் வந்து பரீட்சை வைக்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

இன்று ஒருவர் வந்தேவிட்டார். மெக்சிகோ வியாபாரி. காலையில் லாட்ஜிலிருந்து காரில் அழைத்து வந்திருந்தார்கள். தமிழும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. ஆர்டர் கிடைத்தால் அர்த்தநாரி மேனேஜர். இல்லையென்றால் நாளையிலிருந்து கோழிப் பண்ணையில் தீவனம் அள்ள வேண்டியதுதான்.

ஸ்பானிஷில் முட்டைக்கு 'வேவோஸ்'. அர்த்தநாரி ஒவ்வொரு சொல்லாகக் கோத்துச் சொன்னான்: "எங்கள் முதலாளியின் வேவோஸ் மிகப் பெரிது."

விருந்தாளி சட்டென்று நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தார். முதலாளி சிரித்தபடி இரண்டு கையாலும் அளவு காட்டினார். விருந்தாளியின் முகம் வாடியது. மெதுவாக ஏதோ கேட்டார்.

"எத்தனை வருசமாங்கறாருங்க."

"முப்பது வருசமாச்சு. எங்கய்யனுக்கும் இதேதான், பரம்பரைன்னு சொல்லு."

அர்த்தநாரி சொன்னான். விருந்தாளி நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"எழுதறாரு பாரு! ஆர்டர்தான்!"

அப்போது பக்கத்து மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்த அபிநயா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கையில் செல்போன். காதோடு சொன்னாள்.

"அண்ணா, வேவோஸ்னா அவங்கூர்ல முட்டை மட்டுமில்லீங்க. ஆம்பளைங்களோட... அதுக்கும் அதே பேர்தானாம். உருவம் ஒரே மாதிரி இருக்கறதால வந்ததாம்."

"ஐயையோ!"

"'வேவோஸ் இருக்குதா'ன்னா 'தைரியம் இருக்குதா'ன்னு அர்த்தமாம். பெரிய வேவோஸ்காரன்னா சோம்பேறி. பாரம் தாங்காம எந்திரிக்கவே மாட்டானாம்."

முதலாளியிடம் சொன்னால் இன்றைக்கே தீவனம்தான். ஒரே வழி, இனி அந்தச் சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது. 'அது' என்று சொன்னால் போதும்.

"நம்ம சுத்தபத்தத்தைச் சொல்லப்பா!"

"முதலாளி அதைத் தினமும் கழுவுகிறார். உள்ளே பழுது இருக்கிறதா என்று இருட்டறையில் விளக்கு வைத்துப் பார்க்கிறார். கெட்டுப் போகாமல் இருக்க ஐஸில் வைக்கிறார்," என்று ஸ்பானிஷில் சொன்னான் அர்த்தநாரி.

விருந்தாளி நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் இன்னொரு கேள்வி. அதில் இருந்த சொல் அர்த்தநாரி படித்த பாடத்தில் வரவில்லை. தெரியாத கேள்விக்கெல்லாம் அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. "சி," என்றான். ஆமாம் என்று அர்த்தம்.

விருந்தாளி எழுந்து வந்து முதலாளியின் தோளை ஆதரவாகத் தட்டினார்.

"என்ன கேட்டாரு?"

"நம்ம தொழில் நேர்மையைத்தானுங்க," என்று அடித்துவிட்டான்.

விருந்தாளி மறுபடி பேசினார். இது அவனுக்குப் புரிந்தது.

"தொட்டுப் பாக்கணுமாமுங்க."

"தாராளமா பாக்கச் சொல்லு! அதுல என்ன வெக்கம்?"

விருந்தாளி பையைத் திறந்து ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"பாத்தியா! வெறுங்கையில தொடமாட்டாராம். இப்பிடியாப்பட்ட ஆளுகூடத்தான் யாவாரம் பண்ணோணும்!"

விருந்தாளி அபிநயாவைப் பணிவாக வெளியே போகச் சொல்லிச் சைகை காட்டினார். கதவைச் சாத்தினார். முதலாளியின் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

முதலாளி நெகிழ்ந்துபோனார். "ஏப்பா, எதுக்கு இத்தனை மருவாதி? எந்திரிக்கச் சொல்லு!"

விருந்தாளியின் கை வேட்டி முடிச்சுக்குப் போனது. முதலாளி துள்ளினார். "ஏய்! ஏய்!"

கதவு படாரென்று திறந்தது. கார் டிரைவர் மதன் மூச்சு வாங்க நின்றான்.

"மன்னிச்சுக்கங்க மொதலாளி, லாட்ஜுல ஆளை மாத்திக் கூட்டியாந்துட்டனுங்க! முட்டைக்காரரு அங்கயே காத்துக்கிட்டிருக்காருங்க. இவரு அதே நாட்டுலருந்து பெரியாஸ்பத்திரிக்கு வந்த வெதை வீக்கத்து டாக்டருங்க!"