சொடக்கு விழாத மாப்பிள்ளை

எபோவால் கெங்கியைப் பிய்க்க முடியவில்லை. புளித்த மக்காச்சோள உருண்டையில் ஒரு துண்டு கிள்ளி, மிளகாய் விழுதில் தொட்டு வாயில் போட வேண்டும், அவ்வளவுதான். பல் முளைத்த நாளிலிருந்து செய்கிற வேலை. இன்று விரலை வைத்ததும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுரீரென்றது.

"என்னடா, பொரிச்ச மீனைப் பாத்து அழற?" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த ஜோஜோ. தகொராடி துறைமுக ஊரின் மார்க்கெட் வட்டத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை நடத்துகிறவன்.

"மணிக்கட்டுடா. மவுஸைத் தொட்டாலே உயிர் போகுது."

"அப்ப ஆடுறத நிறுத்தித் தொலை."

"நிறுத்துறதா? வெள்ளிக்கிழமை பக்கத்து ஊர் செகொண்டி பசங்களோட போட்டி. நான் இல்லன்னா அவனுங்க நம்ம மானத்தை வாங்கிடுவானுங்க."

"அப்ப வலியோட ஆடு."

"சனிக்கிழமை எகுவா வீட்டுக் கதவைத் தட்டப் போறோம்டா!"

ஜோஜோ மெல்லுவதை நிறுத்தினான். பெண் கேட்கப் போவதைத்தான் கதவு தட்டுவது என்பார்கள். போனதும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு வலது கோடியிலிருந்து ஆரம்பித்துக் கை கொடுத்துக்கொண்டே வர வேண்டும். வெறுமனே கொடுத்தால் போதாது. கையை விடுவிக்கும்போது இருவர் விரலும் உரசி 'டக்'கென்று சொடக்கு விழ வேண்டும். விழாவிட்டால், இவனை எந்தக் குடும்பம் வளர்த்தது என்று கேட்பார்கள்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் எகுவாவின் அப்பா அமிசா. "விளையாட்டுப் பைத்தியம் எவனும் என் வாசப்படி ஏறக்கூடாது" என்பது அவர் சட்டம். எகுவாவே சொன்னாள். அதனால் எபோ தன் விளையாட்டைப் பற்றி அவளிடம்கூட மூச்சு விடவில்லை. சாயங்காலம் அவள் போன் செய்தால், தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி என்பான். பாவி, ஒரு வரி பாடத் தெரியாது.

ஜோஜோ கடைக்குப் போனதும் ஒரு கருவியை எடுத்து மேசையில் வைத்தான். குண்டு மவுஸ் மாதிரி இருந்தது. பக்கவாட்டில் ஒரு சிவப்பு உருண்டை துருத்திக்கொண்டிருந்தது.

"டிராக்பால். மவுஸ்னா கை ஓடணும். இதுல கை சும்மா கிடக்கும், உருண்டை மட்டும்தான் ஓடும். ராஜா மாதிரி உக்காந்து கட்டை விரலால உருட்டு."

ராஜா உருட்டினார். திரையில் துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே புரியவில்லை. எதிரியை விட்டுவிட்டு, கூடவே ஓடிவந்த ஜோஜோவின் முதுகில் சுட்டார்.

"டேய், நான் உன் கட்சிடா!"

"அதை உருண்டைகிட்ட சொல்லு!"

மறுநாள் கை பழகிவிட்டது. மணிக்கட்டு வலியும் போன இடம் தெரியவில்லை. எபோ ஜோஜோவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். அதற்கடுத்த நாள் கட்டை விரல் வீங்கி, சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை.

"மணிக்கட்டு தேவலையா இல்லையா?" என்று அதட்டினான் ஜோஜோ.

"தேவலை. ஆனா விரல்..."

"அதுக்கும் வச்சிருக்கேன்." இன்னொரு டிராக்பால் வந்தது. இதில் உருண்டை நடுவில் இருந்தது, எலுமிச்சை அளவுக்கு. "கட்டை விரலுக்கு லீவு குடு. நடுவிரலால உருட்டு."

வியாழக்கிழமை நடுவிரல் மடங்க மறுத்தது. அப்போதுதான் எபோவுக்கு விஷயம் உறைத்தது.

"அட பாவி! சொடக்குப் போட கட்டை விரலும் நடுவிரலும்தானேடா வேணும்! தேடிப் பிடிச்சு ரெண்டையும் கொன்னுட்டியே!"

"கத்தாத. பழைய மவுஸையே எடு, இடது கையில பிடி. சனிக்கிழமைக்குள்ள வலது கை தேறிடும்."

இடது கை அற்புதம் செய்தது. இத்தனை நாள் வேலைவெட்டி இல்லாமல் கிடந்த கை, கிடைத்த வாய்ப்பை விடுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் செகொண்டி அணி சுருண்டது. ஜோஜோவின் கடையே எபோவைத் தூக்கிக்கொண்டு ஆடியது. ஆனால் அந்தக் கைக்கு ஏற்கெனவே தலைக்கனம் ஏறியிருந்தது. அன்று காலையே எபோ வேலை பார்க்கும் துறைமுக அலுவலகத்தில் மேலாளரிடம் ஒரு காகிதத்தை அது தானாகவே நீட்டியிருந்தது.

"இடது கையாலயா நீட்டுற? என்னை என்னன்னு நெனச்ச?" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

சனிக்கிழமை விடிந்தது. வலது கை தேறவில்லை.

"மாமா, ஒரு கட்டுப் போட்டுக்கிறேனே?" என்று கெஞ்சினான் எபோ. அவன் சார்பாகப் பேச வந்திருந்த தாய்மாமன் ஓட்டூ முறைத்தார்.

"பொண்ணு கேக்கப் போற வீட்டுக்கு ஒடஞ்ச கையோடயா? ரிப்பேர் மாப்பிள்ளைன்னுவாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு வா!"

கதவு தட்டும் சீரான மது பாட்டில்களை ஏந்திக்கொண்டு உள்ளே போனார்கள். வழக்கப்படி பெண், கூப்பிடும்வரை உள் அறையில். வரிசையின் வலது கோடியில் அமிசாவின் அக்கா மன்சா அத்தை. ஃபூஃபூ களிக்குக் கிழங்கு இடித்து இடித்து உரமேறிய கை. அவர் பிடித்த பிடியில் எபோவுக்குச் செத்துப்போன தாத்தாக்கள் எல்லாரும் தெரிந்தார்கள்.

சொடக்கு விழவில்லை.

"என்ன தம்பி, சொடக்கை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டியா?"

"மரியாதைங்க," என்று முந்திக்கொண்டார் ஓட்டூ மாமா. "மரியாதையில பிள்ளைக்கு விரல் வேர்த்து வழுக்குது."

அடுத்தவர் பிடித்தார். அதற்கடுத்தவர் பிடித்துக் குலுக்கவே செய்தார். எபோ சிரித்தான், கண்ணில் நீர் கொட்டியது. கடைசியில் அமிசா. அவர் கையை நீட்டினார். வலது கை வர மாட்டேன் என்றது. யாரும் கூப்பிடாமலே இடது கை பாய்ந்து அவர் முன்னால் போய் நின்றது.

பெண்ணைப் பெற்றவருக்கு இடது கை!

"கதவுங்க!" என்று அலறினார் ஓட்டூ மாமா. "நேத்து கதவுல நசுங்கி..."

அமிசா இடது கையை ஒதுக்கிவிட்டு, வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "கதவுல நசுங்கினா நகம் கறுத்திருக்கணுமே. எந்தக் கதவு?"

எபோவுக்கு அழுகை வந்துவிட்டது. "பொய்யிங்க. நான் கம்ப்யூட்டர்ல விளையாடுறவன். மவுஸ்ல மணிக்கட்டு போச்சு, சின்ன உருண்டையில கட்டை விரல் போச்சு, பெரிய உருண்டையில நடுவிரல் போச்சு. எகுவாகிட்டயும் மறைச்சுட்டேன். ஆனா அவ மேல வச்ச ஆசை நிசம். அவ வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாத்தையும் கடல்ல வீசிடுறேன். அவ இல்லாம என்னால முடியாதுங்க."

ஓட்டூ மாமா சத்தமில்லாமல் பாட்டில்களைத் திரும்பப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார். அமிசா தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

மன்சா அத்தை மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு உள் அறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்:

"அடியே எகுவா, கைக்கட்டை அவுக்காத, அப்படியே வெளிய வா! முன்னாடி கேட்டு வந்த ரெண்டு பேரு மாதிரி இவன் ஓட மாட்டான், இவனுக்கும் உன் மவுஸ் வியாதிதான்!"