கண்டக்டருக்குக் கரண்டு கிடையாது

புயல் ஓய்ந்து இரண்டு நாள் ஆயிற்று. கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தெரு முழுக்க இன்னும் கரண்டு இல்லை, கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் வீட்டைத் தவிர. அவர் மாடியில் சோலார் பலகை, கூடத்தில் பேட்டரி. பேட்டரி பக்கத்திலேயே நாற்காலி போட்டு, ஃபேனுக்கடியில் ராஜா மாதிரி உட்கார்ந்து மனைவியிடம் சொன்னார்.

"பக்கத்து வீட்டுக் கண்டக்டருக்கு மட்டும் ஒரு பொட்டுக் கரண்டு கிடையாது! பலகை மாட்டுறப்போ, 'வெயிலைப் பிடிச்சு டப்பாவுல அடைக்கிறீங்களாக்கும்'னு சிரிச்சாரில்ல?"

"அவர் பேரனுக்கு இளைப்புங்க. மருந்து கொடுக்கிற மெஷினுக்குத்தான் கரண்டு வேணும்."

"அப்ப நம்ம வாசல்ல வந்து நின்னு கேக்கட்டும்."

"வரமாட்டாரே. மகளையும் இந்தப் படி மிதிக்கக் கூடாதுன்னுட்டாராம்."

"நல்லதாப் போச்சு!"

மனைவி சாமி படத்தை ஒரு தடவை பார்த்தாள். போர்வைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மத்தியானம் ஃபேன் முக்கியது, முனகியது, நின்றது. பதறி மாடிக்கு ஓடினார். கொடி நிறையப் போர்வை. பலகை முழுக்க நிழல்.

"எடு இதையெல்லாம்!"

"புயல்ல நனைஞ்சது எங்கே காயும்? ராத்திரி உங்க இருமலுக்கு எதைப் போத்திக்குவீங்க? அந்தப் பக்கத்துக் கொடிக் கம்பத்தைத்தான் காத்து கொண்டுபோயிடுச்சே."

இருமல் என்றதும் அடங்கிவிட்டார்.

"கண்டக்டர் மாடியைப் பாருங்க. வெயில் சும்மா கொட்டிக் கிடக்கு."

வேர்வை வழிய வழிய யோசித்தார். கடைசியில் போய்க் கண்டக்டர் வாசலில் நின்றார்.

"உங்க மாடியில… பலகைக்குக் கொஞ்சம் இடம்…"

உள்ளே குழந்தை இழுத்து இழுத்து அழுதது. கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏத்திக்கலாம். ஆனா டிக்கெட் உண்டு. பேட்டரி இங்கேதான் இருக்கும். முதல்ல பேரன் மெஷின். மிச்சத்துக்கு உங்க வீட்டுக்கு ஒரு வயர் இழுத்துக்குங்க."

சாயங்காலத்துக்குள் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் உறுமியது. அழுகை தேய்ந்து அடங்கியது. மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டாள். இவர் வீட்டு ஃபேனும் மெல்லச் சுற்ற, மீசையை நீவிக்கொண்டார்.

"பார்த்தியா? பேசுற விதத்துல பேசி மடக்கிட்டேன். மாடியே நம்ம கையில!"

"உங்க சாமர்த்தியம் யாருக்கு வரும்?" என்றபடி அவள் போர்வைகளை மடித்தாள்.

"அட, அதுக்குள்ள காஞ்சிடுச்சா?"

"அது நேத்தே காஞ்சிடுச்சுங்க."