பற்றாது அண்ணனும் கோழி போட்ட கவரும்

கல்யாணம் என்றால் பெண் சம்மதிக்க வேண்டும், மாப்பிள்ளை சம்மதிக்க வேண்டும், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சம்மதிக்க வேண்டும் என்றுதான் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கம், எங்கள் கொட்டாரம் ஊரில் கடைசியாக இன்னொருவரும் சம்மதிக்க வேண்டும். அவர்தான் பற்றாது அண்ணன். அவர் சம்மதிக்காமல் அந்த வட்டாரத்தில் ஒரு தாலியும் கழுத்தில் ஏறியதாக வரலாறு இல்லை.

அவர் ஜோசியர் இல்லை, தரகரும் இல்லை. கல்யாண அழைப்பிதழ் வடிவமைப்பவர். டயர் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், தாள் வெட்டும் மெஷின், இன்றோ நாளையோ கழன்று விழப்போவதுபோல ஆடிக்கொண்டே சுற்றும் ஒரு ஃபேன். துபாயில் அச்சகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வீட்டில் வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. யார் எதைக் கேட்டாலும் முதல் பதில் 'பற்றாது'. அதுவே பெயராக நின்றுவிட்டது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கம் 'பற்றாது' என்றால் முடியாது, நடக்காது, ஆளை விடு என்று அர்த்தம். உங்கள் பக்கம் போதாது என்று அர்த்தம். இது தெரியாமல் மதுரையிலிருந்து வந்த பெண்ணின் தகப்பனார் ஒருவர் அண்ணன் முன்னால் உட்கார்ந்தார்.

"அட்டையில ஒரு மயில் போட்ருவமா தம்பி?"

"பற்றாது."

"அப்ப ரெண்டு மயிலு?"

"பற்றாது."

மதுரைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தாராள மனசுள்ள கலைஞன் கிடைத்துவிட்டான் என்று நினைத்துவிட்டார். "நாலு மயிலு, ரெண்டு யானை, ஓரத்துல வாழைமரம். இப்ப எப்படி?"

"பற்றாது, பற்றாது!"

"சபாஷ்! நம்ம குணம் அப்படியே இருக்குய்யா உங்கிட்ட!"

அவர் ஒட்டகச்சிவிங்கி வரைக்கும் போயிருப்பார். அதற்குள் அண்ணன் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "அய்யா, ஒத்த மயிலே முடியாதுன்னுதான் ஆதியில இருந்து சொல்லிட்டு இருக்கேன்."

கடலையும் சூரியனையும் போடச் சொல்லி வந்தவர்களும் தப்பவில்லை. "கன்னியாகுமரின்னா சூரியன் வரணுமா? அவன் என்ன, பொண்ணுக்குத் தாய்மாமனா?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

மண்டபத்தில் கார்டை யாரும் வாசிப்பதில்லை, விசிறிக்கொள்ளத்தான் செய்கிறார்கள் என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை. அதனால் மாதிரி கார்டு தயாரானதும் ஃபேனை நிறுத்துவார். ஜன்னலைச் சாத்துவார். வந்தவர்கள் எல்லோரும் வியர்த்து வழியும்வரை காத்திருந்து, மாப்பிள்ளை கையில் கார்டைக் கொடுத்து வீசச் சொல்வார்.

"காத்து வருதா?"

"வருது அண்ணே."

"உனக்கு வருது. பக்கத்துல இருக்க சம்பந்திக்கு வருதா?"

சம்பந்திக்கு வரவில்லை என்றால் அட்டையின் கனத்தை மாற்றி மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் கல்யாணத்துக்கு நான் போனேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது பள்ளிக்கூடத்திலேயே வேலை, கணக்கு வாத்தியார். பெண் குழித்துறை. அவர்கள் வீட்டில் கதவைத் திறந்து விடுகிறவர்கூட ஆசிரியர்தான். பெயர்களுக்குப் பின்னால் பட்டங்கள் சரக்கு ரயில் மாதிரி நீளும். எல்லாவற்றையும் சுத்தமாக டைப் செய்து நீட்டினேன்.

அண்ணன் வாசித்தார். "இது கல்யாணமா மக்கா, பட்டமளிப்பு விழாவா? பற்றாது."

"பின்னே என்னதான் அண்ணே பற்றும்?"

"அதை விடு. யாரு விளிக்கப் போறது?"

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு விளிப்பது என்று ஒன்று உண்டு. கார்டை நீட்டிவிட்டு ஓடிவிட முடியாது. பெண்ணின் அம்மாவோ மாப்பிள்ளையின் அம்மாவோ வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, வாய் நிறைய அழைக்க வேண்டும். விளிக்காத வீட்டிலிருந்து ஒரு குழந்தைகூட வராது.

"அம்மதான் விளிப்பா. ஆனா அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது" என்றேன்.

சிக்கல் அங்கேதான். என் அக்கா கல்யாணத்துக்கு அம்மா விளிக்கப் போனபோது பெரியப்பாவின் கவர் சித்தப்பா வீட்டுக்கும், சித்தப்பாவின் கவர் பெரியப்பா வீட்டுக்கும் போய்விட்டது. "தம்பிக்க பேரைப் போட்டு எனக்குக் கார்டா?" என்ற பெரியப்பா மண்டபத்து வாசல்வரை வந்து, நான் வந்துவிட்டுத்தான் போகிறேன் என்று எல்லோரும் பார்க்கும்படி நின்று, சாப்பிடாமல் திரும்பிப் போனார். அப்புறம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. இந்தக் கல்யாணத்திலும் அவர் பந்தியில் உட்காரவில்லை என்றால் உறவு அதோடு சரி.

பெயர் வாசிக்கச் சித்தி மகளைக் கூடவே அனுப்புகிறேன் என்று அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லிப் பார்த்திருந்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எனக்க மவன் கல்யாணத்தை நான் விளிக்கதுக்கு, பொறத்தால ஒரு ஆளு வந்து பேரு வாசிக்கணுமா? நான் ஒத்தையிலதான் போவேன்."

எல்லாவற்றையும் கேட்ட அண்ணன், "கார்டு கெடக்கட்டு. நாளைக்கு உனக்க அம்மைய இஞ்ச கூட்டிட்டு வா" என்றார்.

அம்மா வந்தாள். அண்ணன் பென்சிலை எடுத்துக்கொண்டார். "மூத்தவரு வீடுன்னா உங்களுக்கு மொதல்ல என்னம்மா ஓர்ம வரும்?"

அம்மா யோசிக்கவே இல்லை. "அவிய வீட்டுக் கோழி. எனக்க பயறு பூராத்தையும் கொத்தித் தின்ன கோழி."

பெரியப்பா கவரில் பெயருக்கு மேலே ஒரு கோழி ஏறியது. சித்தப்பா வீட்டுக்குக் கிணறு. அத்தை வீட்டுக்குப் பழைய புல்லட் வண்டி. இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படம். மாமா வீட்டு முருங்கைமரத்தை வரைந்து காட்டினார். அம்மா கவரை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"பற்றாது" என்றாள்.

நான் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன்.

"எதும்மா பற்றாது?"

"இது முருங்கையா? சவுக்கு மாதிரி நட்டுக்க நிக்கு. அவிய மரம் மதில்ல சாஞ்சுல்லா நிக்கும்."

அழித்தார். சாய்த்தார்.

"பற்றாது. காய எங்க?"

காய்கள் வந்தன. "ம், இனி கொள்ளாம்" என்று அம்மா பாஸ் போட்டாள். தன் 'பற்றாது'வை அடுத்தவர் வாயிலிருந்து வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்ட அண்ணன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "மக்கா, உனக்க அம்மைய இஞ்ச வேலைக்கு விடுவியா?"

விளிக்கப் போன அன்று அம்மா புதுச்சேலை உடுத்து, பை நிறையக் கவரோடு தனியாகக் கிளம்பினாள். நான் வீட்டில் போனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வந்து நடந்ததைச் சொன்னாள்.

பெரியப்பா கவரை வாங்கியவர் பெயரைப் பார்க்கவே இல்லை. "இது என்ன கோழி?" என்று கேட்டிருக்கிறார்.

"ஒங்க வீட்டுக் கோழிதான் அத்தான். எனக்க பயறைத் தின்ன கோழி."

பெரியப்பா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்திருக்கிறார். "ஏட்டி, இஞ்ச வந்து பாரு! நம்ம சேவலைக் கோழின்னு வரஞ்சு வச்சிருக்கான். பயறைத் தின்னது சேவல்லா! கொண்டைய எங்க?"

பயறைத் தின்றது தன் சேவல்தான் என்பதை அத்தனை வருஷமாக மறுத்துவந்த மனிதர் அவர்.

"கோழிய வரஞ்ச ஆளு கல்யாணத்துக்கு வருவாரு. அங்க வச்சுக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அண்ணனையும் விளிக்க வேண்டுமே. அவர் கவரில் படம் இல்லை. அம்மா என்னிடம் பென்சில் வாங்கினாள். அவள் பென்சில் பிடித்து அன்றுதான் பார்த்தேன். மூன்று இறக்கை, ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று தொங்கல். அந்த ஆடுகிற ஃபேனேதான். என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்க் கொடுத்தாள். அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். வாய் திறந்தால் எந்தச் சொல் வரும் என்று எனக்குத் தெரியும். அவரோ கவரைக் கம்ப்யூட்டர் மேல் சாய்த்து வைத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று பெரியப்பா முதல் பந்தியில் உட்கார்ந்தார். இரண்டாம் முறை பாயசம் வாங்கினார். கை கழுவியதும் நேரே அண்ணனிடம் போய்க் கவரை நீட்டினார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, மறுபேச்சு பேசாமல் கொண்டை வரைந்துகொடுத்தார். அதை வீசிக்கொண்டே பெரியப்பா என் மாமனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சம்பந்திக்கும் காற்று வந்தது.

போன மாதம் மனைவியோடு அந்த மாடிக்குப் போனேன். ஃபேன் ஒருவழியாகக் கழன்றுவிட்டிருந்தது. உத்தரத்தில் கொக்கி மட்டும். அண்ணன் வியர்வையோடு உட்கார்ந்து, முனை மடங்கிய ஒரு கவரால் விசிறிக்கொண்டிருந்தார். மூன்று இறக்கையும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"புது ஃபேன் ஒண்ணு மாட்டப்பிடாதா அண்ணே?" என்றேன்.

"பற்றாது மக்கா" என்றார். "இதுல நல்ல காத்து வருது."