காரணமில்லாதவர்களுக்கான கடற்கரை

அன்று கூட்டத்தில் வீற்றிருந்தோர் பின்வருமாறு: பல்லடம் சாலைப் பனியன் கம்பெனி ஒன்றின் உரிமையாளரும், குண்டடத்தில் இன்றும் இரண்டு எருமைகளுக்கு எஜமானருமான திருவாளர் அய்யாசாமி; மனிதவளம் என்னும் புதிய வளத்தைத் தோண்டி எடுப்பதற்காகச் சென்னையிலிருந்து தருவிக்கப்பட்ட செல்வி அனுசுயா, எம்.பி.ஏ.; துணியைத் தொட்டவுடன் அதன் குலம் கோத்திரம் சொல்லிவிடும் மேலாளர் ஹிதாயத்துல்லா பாய்; தேநீர்த் தட்டுடன் உள்ளே வந்து, காலி டம்ளர்களுடன் வெளியேறுவதற்குள் தொழிலாளர் பிரதிநிதியாக நியமனம் பெற்றுவிட்ட நஞ்சம்மாள். பதவி வந்துவிட்டபடியால் இக்கதை முழுவதும் நஞ்சம்மாளுக்கு 'ஆர்' விகுதி வழங்கப்படும்.

கதவோரத்தில் ஓவர்லாக் தையல்காரி ரோஸ்மேரியும் நின்றிருந்தாள். விடுப்புக் கேட்க வந்தவள். அவள் அங்கே இருந்தாள் என்று சொல்லலாமே தவிர, வீற்றிருந்தாள் என்று சொல்ல இயலாது. விகுதியும் இல்லை.

கூட்டத்தின் நோக்கம் மிக எளியது. பனியன் வாங்கும் ஐரோப்பிய நிறுவனம் அவ்வாண்டு கம்பெனியைத் தணிக்கை செய்திருந்தது. இரண்டாயிரத்து ஆறு, ஏழாம் ஆண்டுகளில் திருப்பூரில் தணிக்கை ஒரு நாகரிகமாக இருந்தது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள்கூட, ஜாதகத்தை வாங்குமுன், "பையன் கம்பெனிக்கு ஆடிட் ஆயிருச்சுங்களா?" என்று விசாரித்தார்கள். தணிக்கையாளர் கழிப்பறைக் கதவுகளைத் திறந்து மூடினார். தீயணைப்பு மணல் வாளிகளைத் தட்டிப் பார்த்தார். யாவும் செம்மை என்றார். ஒரே ஒரு குறைதான் அவர் கண்ணில் பட்டது. தொழிலாளர் முகங்களில் ஓய்வின் அடையாளம் எதுவும் தென்படவில்லை. அவருடைய நாட்டில் உழைப்பவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு வாரம் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடற்கரையில் இளைப்பாறுவாராம். இங்கும் அவ்வாறே நடந்தால் ஆர்டர் தொடரும். நடவாவிட்டால் ஆர்டர் வேறு தேசத்துக்குப் போய் இளைப்பாறும்.

"திராட்சைக்குக் கம்பம். கடலுக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். மே மாதத்தில் ஒரு வாரம்," என்று திட்டத்தை முன்மொழிந்தார் அனுசுயா.

"திராட்சைத் தோட்டத்துக்குப் போயி என்னங்க அம்மிணி பண்றது?" என்றார் அய்யாசாமி.

"பார்க்கணும் சார்."

"பாத்துட்டு?"

"அவ்வளவுதான் சார். சும்மா பார்க்கணும்."

"பறிக்கிறதுங்களா?"

"பறிச்சா அது வேலை ஆயிடும் சார்."

நஞ்சம்மாள் கடமை உணர்வுடன் குறுக்கிட்டார்: "எங்கூட்டுக்காரரு இருவது வருசமா ஒண்ணுமே பண்ணாம எல்லாத்தையும் சும்மாவேதான் பாத்துட்டு ஒக்காந்திருக்கறாருங்க. அவரை வேணா அனுப்பி வெக்கட்டுங்களா?"

"அவர் நம்ம ஊழியர் இல்லையேம்மா," என்று அனுசுயா வருந்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, அயல்நாட்டில் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அதன் சாற்றை அங்கேயே அருந்திப் பார்ப்பதும் வழக்கம் என்றார்.

"அதுக்கு எதுக்குங்க கம்பம் வரைக்கும்?" என்றார் அய்யாசாமி. "கேட்டுக்கு எதுத்தாப்புலயே கவர்மென்ட்டு வெச்சிருக்குது. சனிக்கிழமை சம்பளம் குடுத்தா நம்மாளுக நேரா அங்கதான் இளைப்பாறப் போறாங்க."

அருந்துதல் ஏற்கெனவே அமலில் உள்ளதாகப் பதிவு செய்யப்பட்டது.

அடுத்த பொருள் கடற்கரை ரிலாக்சேஷன். இச்சொல்லைக் கேட்டதும் அதுவரை உறங்கிக்கொண்டிருந்த ஹிதாயத்துல்லா பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வாழ்நாளெல்லாம் செய்துவந்த காரியம் அது. "ரிலாக்சேஷனை எங்கிட்ட விட்டுருங்க முதலாளி. துணி மிஷின்ல இழுபட்டு இழுபட்டு வருது. அப்படியே வெட்டித் தைச்சா, வாங்கினவன் ஊட்ல போய்ச் சுருங்கும். அதனால ரோலைப் பிரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம, இழுக்காம, சும்மா படுக்கப் போட்டுரணும். சுருங்க வேண்டியது இங்கயே சுருங்கிக்கும். மனுசனுக்கும் அதேதான்."

இவ்விளக்கத்தின் தெளிவில் அவை மயங்கிற்று. தொழிலாளர்களை மணலில் தட்டையாகப் படுக்க வைப்பதென்றும், ஒருவர் மேல் ஒருவரை அடுக்கலாகாதென்றும், கைகால்களைப் பிடித்து இழுக்கலாகாதென்றும், போகும்போதும் வரும்போதும் அளவெடுத்துச் சுருக்கத்தைக் கணக்கிடுவதென்றும் தீர்மானமாயிற்று.

"அளவெடுக்கறது வீணுங்க," என்றார் நஞ்சம்மாள். "நாங்கெல்லாம் வேலைக்குச் சேந்த மொத வருசமே சுருங்கிட்டமுங்க."

இது தரச் சான்றாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அப்போதுதான் கதவோரத்தில் ஒரு மனித உயிர் நிற்பது அய்யாசாமியின் கண்ணில் பட்டது. "என்ன கண்ணு?"

"எந் தங்கச்சிக்குக் கல்யாணம் சார்," என்றாள் ரோஸ்மேரி. "கோயில்ல ஓலை வாசிக்க ஆரம்பிச்சாச்சு. எங்க அம்மா இல்ல, நாந்தான் மூத்தவ. மே மாசம் ஒரு வாரம் லீவு வேணும்."

மணமக்களின் பெயர்களை மூன்று ஞாயிறு தேவாலயத்தில் அறிவிப்பதையே அவளுடைய கடலோர ஊர் மக்கள் ஓலை வாசித்தல் என்பர். வாசித்த ஓலையை நிறுத்தி வைக்க எந்தக் கம்பெனிக்கும் அதிகாரமில்லை.

"மே மாசம் ஷிப்மென்ட்டு கண்ணு. லீவெல்லாம் ஆகாது."

"அதே மாசந்தான் ஒரு வாரம் டூர் விடுதீயளாமே சார்?"

"டூரு லீவு இல்லீங்க கண்ணு. டூரு ஆடிட்டு."

ரோஸ்மேரி சற்று யோசித்தாள். "அப்ப என்னையும் அந்த ஆடிட்ல ஏத்தி விடுங்க சார். நீங்க சொல்லுத கடலு எங்க வீட்டு வாசல்லதான் கெடக்கு. அங்கன எறக்கி விட்டா போதும். திராட்சை பாக்க எனக்கு ஆசையில்ல, வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

அறையில் ஒரு நிம்மதி பரவியது. ஒரே வாரம், ஒரே கடல். ஒருத்தி தானாகவே போக விரும்புகிறாள். ஆனால் நிம்மதி நிர்வாகத்துக்கு ஆகாது. தணிக்கையாளர் விட்டுச்சென்ற வழிகாட்டி நெறிமுறையை அனுசுயா புரட்டினார். அதில், ஓய்வென்பது எவ்வித நோக்கமும் அற்றதாக இருத்தல் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது.

"உங்களுக்கு அங்கே போகக் காரணம் இருக்கே ரோஸ்மேரி."

"காரணம் இருக்கதுனாலதான மேடம் போணும்னு கேக்கேன்?"

"அதுதான் பிரச்சினை. கல்யாணத்துல நீங்க பந்தி பரிமாறுவீங்க. சொந்தக்காரங்களோட சண்டை போடுவீங்க. தங்கச்சி போகும்போது அழுவீங்க. ரிலாக்சேஷனே நடக்காது."

"ரிலாக்ஸ்ல கெடக்கற துணியை ஆரும் தொடக்கூடாதும்மா," என்று பாய் பரிவுடன் விளக்கினார். "கல்யாண ஊட்ல எல்லாரும் தொடுவாங்க."

ஆக, இரண்டு விதிகள் நிலைபெற்றன. காரணம் உள்ளவருக்கு விடுப்புண்டு. ஆனால் ஷிப்மென்ட் இருப்பதால் விடுப்பில்லை. காரணம் அற்றவருக்குச் சுற்றுலா உண்டு. ஆனால் அவர் காரணமற்றவர் என்பது நிறுவப்பட வேண்டும்.

மறுநாள் முதல் தேர்வு தொடங்கிற்று. கம்பத்துப் பக்கத்திலிருந்து வந்த சந்தனம், "எங்கப்பா திராட்சைத் தோட்டத்துலதான் கூலிக்கு நிக்காரு, பாத்துட்டு வந்துருதேன்," என்றாள். தந்தைப் பாசம் கண்டறியப்பட்டு நீக்கப்பட்டாள். சபுரா பீவி, முழங்கால் வலிக்குக் கடல் தண்ணீர் நல்லது என்றாள். மருத்துவக் காரணம். ஒடிசா இளைஞர்கள் கடலுக்குப் போக உடனே சம்மதித்தார்கள். விசாரித்ததில் அவர்கள் சம்மதித்தது பூரியில் இருக்கும் கடலுக்கு. ராமாத்தாளுக்குப் போவதற்கு ஒரு காரணமும் இல்லை. "நான் போயிட்டா ஆட்டுக்கு ஆருங்க தண்ணி காட்டறது?" என்று, போகாமல் இருப்பதற்கு மட்டும் காரணம் வைத்திருந்தாள்.

இறுதியில் செக்கிங் பிரிவின் ராஜபாண்டி அகப்பட்டான்.

"கடற்கரையில் உங்களுக்கு உறவினர் உண்டா?"

"இல்ல மேடம்."

"வேண்டுதல்?"

"இல்ல."

"கடல் பிடிக்குமா?"

"பாத்ததே இல்ல மேடம்."

"அங்கே போய் என்ன செய்வீங்க?"

"தெரியலயே."

அனுசுயாவின் கண்கள் கலங்கின. அய்யாசாமி எழுந்து அவன் கையைப் பற்றிக் குலுக்கினார். குலுக்கிய கையை விடாமலே கேட்டார்: "பின்ன எதுக்குடா தம்பி போற?"

"நீங்கதான போகச் சொன்னிய மொதலாளி?"

கை விடுபட்டது. முதலாளி சொன்னது ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம் கம்பெனியில் எவருக்கும் இருந்ததில்லை. ராஜபாண்டியும் நீக்கப்பட்டான்.

"நாமளே போயிட்டு வந்துரலாமுங்களா?" என்று அய்யாசாமி கேட்டுப் பார்த்தார். ஆடிட்டுக்காகப் போவதும் காரணமாகிவிடும் என்று அனுசுயா கைவிரித்தார்.

தகுதியுடைய ஒருவரையும் தர இயலாத தொழிலாளர் வர்க்கத்தின் மீது வருத்தம் தெரிவித்துவிட்டு, கடலையே கம்பெனிக்கு வரவழைப்பதென்று முடிவாயிற்று. புதுக் கட்டடத்துக்குக் கொட்டியிருந்த மணல் பரப்பப்பட்டது. போட்டோ ஸ்டூடியோவிலிருந்து நீலக் கடல் வரைந்த திரைச்சீலை வந்தது; அதில் தென்னை மரங்களும், ஏனென்று தெரியாமல் ஒரு பனிமலையும் இருந்தன. உழவர் சந்தையில் வாங்கிய திராட்சைக் குலைகள் ஓவர்லாக் நூலில் கட்டி ட்யூப்லைட் சட்டங்களில் தொங்கவிடப்பட்டன. மணலில் படுக்க அனுபவசாலி ஒருவர் தேவைப்பட்டார். ரோஸ்மேரிக்கு ஆள் போயிற்று. கடலைப் பொறுத்தமட்டில் காரணம் இருப்பது தகுதியின்மை. அனுபவம் இருப்பது தகுதி.

"எங்க ஊர்ல யாரும் கடக்கரையில இப்படிப் படுத்துக் கெடக்க மாட்டாவ சார். கெடந்தா போலீஸ் வந்துரும்," என்றாள்.

"ஒரே ஒரு போட்டோ கண்ணு. ஆடிட்டு முடிஞ்ச கையோட நீ ஊருக்குப் போ. இது எம் பேச்சு."

ரோஸ்மேரி படுத்தாள். "கையை மடக்காதே! இழுக்காதே! அப்படியே தளர விடு!" என்று பாய் மேற்பார்வையிட்டார். படம் பெரிதாக்கப்பட்டு, கண்ணாடிச் சட்டமிட்டு, அவளுடைய தையல் மேஜைக்கு மேலேயே மாட்டப்பட்டது. அடியில் 'ரோஸ்மேரி இளைப்பாறுகிறார்' என்று எழுதினார்கள். விகுதி படத்துக்கு மட்டும்.

"கண்ணாலத்துக்குக் குடுக்கற பரிசாட்டம் இருக்குதுங்க," என்றார் நஞ்சம்மாள்.

மே மாதத்தில் தணிக்கையாளர் மறுபார்வைக்கு வந்தார். கல்யாணத்துக்கு இடையில் ஒரே நாள் இருந்தது. ரோஸ்மேரி துணிப்பையுடன்தான் வேலைக்கு வந்திருந்தாள். அவர் படத்தின் முன்னே வெகுநேரம் நின்றார். பனிமலையைக் கண்டு சற்றே புருவம் உயர்த்தினார். இந்தியா பரந்த நாடு என்று தமக்குத்தாமே சமாதானம் செய்துகொண்டார். பிறகு படத்தில் இருப்பவரும் கீழே தைத்துக்கொண்டிருப்பவளும் ஒருவரே என்பதை அறிந்து பூரித்து, கடல் எப்படி இருந்தது என்று கேட்கும்படி அனுசுயாவைப் பணித்தார்.

அனுசுயா கேட்டார். ரோஸ்மேரி மிஷினை நிறுத்தினாள். "நாளைக் கழிச்சுக் கல்யாணம்னு அவருட்ட சொல்லுங்க மேடம். இன்னிக்குப் பஸ் ஏறுனாத்தான் போய்ச் சேர முடியும். மொதலாளி வாக்குக் குடுத்துருக்காரு. இப்பமே என்னைய விடச் சொல்லுங்க."

அனுசுயா அதை ஆங்கிலத்தில், "கடல் மிகவும் நன்றாக இருந்தது. இன்றைக்கே மறுபடியும் போக விரும்புகிறார்," என்று பெயர்த்தார்.

தணிக்கையாளரின் மகிழ்ச்சி ஒரு நொடி நீடித்தது. பிறகு அவர் சுற்றிலும் குவிந்து கிடந்த தைக்காத துணிகளைப் பார்த்தார். அவை அவருடைய துணிகள். வெள்ளிக்கிழமை கப்பலேற வேண்டியவை.

"ஓய்வு மிக உன்னதமான விஷயம்," என்றார் அவர். "ஆனால் என் சரக்கு நிற்கும்போது ஒருவர் விடுப்பில் போவதானால், அதற்குத் தக்கதொரு காரணம் இருக்க வேண்டாமா? இவருக்குக் காரணம் ஏதேனும் உண்டா?"

அனுசுயா அதைத் தமிழில் அப்படியே சொன்னார். இந்த ஒரு முறை பெயர்ப்பில் பிழை எதுவும் நேரவில்லை. அய்யாசாமி பாயைப் பார்த்தார். பாய் துணியைப் பார்த்தார். காரணம் உண்டு என்றால் படம் பொய்யாகும்; இல்லை என்றால் கொடுத்த வாக்குப் பொய்யாகும்.

"காரணம் எதுவும் இல்லீங்க," என்றார் அய்யாசாமி. "அதுக்குத்தானுங்க இந்தப் பொண்ணையவே தேர்வு பண்ணுனோம்."

தையல் கூடம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. சந்தனம், சபுரா பீவி, ராஜபாண்டி ஆகியோர் தலை கவிழ்ந்து தத்தம் வேலையில் கவனமாக இருந்தார்கள். நஞ்சம்மாளும், பிரதிநிதி என்ற முறையில், டம்ளர்களைக் கழுவப் போய்விட்டார்.

ரோஸ்மேரி கையிலிருந்த தையலை முடித்து நூலை நறுக்கினாள். மோட்டாரை அணைத்தாள். மேஜைக்கு அடியிலிருந்த துணிப்பையைத் தோளில் மாட்டினாள். முக்காலியின் மேல் ஏறி, சுவரிலிருந்து கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, முந்தானையால் ஒரு முறை துடைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு வாசல் வழியே வெளியே நடந்தார்.