நலம் நாடும் சேவை

வேதாந்தம் முதல் வாழைக்காய் பஜ்ஜியைக் கடிக்க வாயைத் திறந்தார். சட்டைப்பையில் போன் ‘டிங்’ என்றது.

எடுத்துப் பார்த்தார். ‘எண்ணெய்ப் பலகாரம் இதயத்துக்கு எதிரி. உடனே கீழே வைக்கவும். - நலம் நாடும் சேவை.’

ஒரு வாரமாக இதே கதைதான். வேதாந்தத்துக்கு லஸ்ஸில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் மேனேஜர் வேலை. சாயங்காலம் மாட வீதி வழியாக வீட்டுக்கு நடக்கும்போது சக்திவேலின் தள்ளுவண்டியில் நாலு பஜ்ஜி சாப்பிடுவார். உலகத்தில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் அதுதான். கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் வந்த அன்றே அவர் மனைவி சூடாமணி வாணலியைப் பரணில் ஏற்றிவிட்டாள். அவருக்கு மட்டும் பத்தியம் போட்டால் பாவம் என்று தானும் சேர்ந்து ஓட்ஸ் கஞ்சி குடித்தாள். அந்தத் தியாகத்தை நினைத்தால் பஜ்ஜி தொண்டைக்குள் இறங்காது. ஆகவே அவர் நினைப்பதில்லை.

"இன்னா மாமா, மூஞ்சி இப்டி போவுது? காரம் தூக்கலா கீதா?" என்றான் சக்திவேல்.

"காரமெல்லாம் சரியாத்தான் இருக்கு. இந்தப் போன்தான் பிராணனை வாங்கறது."

கேஸ் புக் பண்ணுவது, கரண்ட் பில் கட்டுவது எல்லாம் அவர் போனில்தான், அதுவும் சூடாமணி கையால்தான். அவள் கண்ணில் இந்த மெசேஜ் பட்டால் பஜ்ஜிக்கு அன்றோடு மங்களம்.

மறுநாள் ஆபீஸில் கிரீஷ் என்ற இளைஞனிடம் விஷயத்தைச் சொன்னார். போன், கம்ப்யூட்டர் சந்தேகம் எல்லாவற்றுக்கும் அங்கே அவன்தான் வைத்தியன்.

"இதெல்லாம் கம்பெனிக்காரன் வேலை சார். நம்மளைக் கேக்காமயே ஏதாவது ஒரு சேவையை ஏத்திவிட்டுட்டு, தினமும் பேலன்ஸ்ல கை வெச்சுடுவான்."

"அது சரி, நான் பஜ்ஜி திங்கறது அவனுக்கு எப்படிடா தெரியும்?"

"போன் எல்லாத்தையும் ஒட்டுக் கேக்கும் சார்!"

அன்று சாயங்காலம் வேதாந்தம் போனைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் அமுக்கினார். வாயைத் திறக்காமல் நாலு விரலை மட்டும் காட்டினார். மொறுமொறுப்புச் சத்தம் வெளியே வராதபடி பஜ்ஜியைச் சட்னியில் நன்றாக ஊறவைத்து, குழந்தைக்கு ஊட்டுவதுபோல் வாய்க்குள் அனுப்பினார்.

‘டிங்.’

‘மௌனமாகத் தின்றாலும் கொழுப்பு கொழுப்பே. - நலம் நாடும் சேவை.’

வேதாந்தத்துக்கு வியர்த்துவிட்டது. அங்கேயே நின்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார்.

"உடல்நலச் சேவைக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்றது ஒரு பெண் குரல்.

புகாரும் உடல்நலச் சேவையைப் பற்றித்தானே என்று ஒன்றை அழுத்தினார்.

"உறுதிசெய்ய மீண்டும் ஒன்றை அழுத்தவும்."

புகார் கொடுப்பவன் உறுதியாக இருக்க வேண்டாமா? அழுத்தினார்.

"நன்றி. தினம் ஒரு யோகாசனம் உங்களைத் தேடி வரும். கட்டணம் நாளொன்றுக்கு மூன்று ரூபாய்."

அதை நிறுத்த மறுபடி போன் போட்டார். ராசிபலன் வந்து சேர்ந்தது. ராசிபலனை நிறுத்தப்போய் கிரிக்கெட் ஸ்கோர் வந்தது. ஆத்திரத்தில் எல்லாப் பொத்தான்களையும் மொத்தமாக அமுக்கினார். "அருமையான தேர்வு!" என்றது அந்தக் குரல்.

அது என்ன தேர்வு என்று மறுநாள் காலையில் ஆடிட்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"வேதாந்தம், உமக்குப் போன் பண்ணினா கெட்டிமேளம் கொட்டறது. என்ன விசேஷம்? எனக்குப் பத்திரிகைகூட வைக்கலையே?"

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே சூடாமணி கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். காலையில் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன போன் அவள் கையில் இருந்தது. நல்ல வேளை, பஜ்ஜி மெசேஜ்களை அவ்வப்போது அழித்துவிடுவார்.

"ஏன்னா, யாரு இந்த ஸ்வீட்டி?"

"எந்த ஸ்வீட்டி?"

"‘உங்களுடன் மனம்விட்டுப் பேச ஸ்வீட்டி காத்திருக்கிறாள்’னு வந்திருக்கு. எதுக்குக் காத்துண்டிருக்கா?"

"அது கம்பெனிடீ! தானா வரது!"

"தானா வரதா? எங்காத்து மனுஷாளுக்கெல்லாம் இப்படித் தானா ஒண்ணும் வரலையே! ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்கோ. போன்லயே பதிஞ்சிருக்கே, எதுக்காகக் கம்பெனிக்கு இத்தனை தடவை போன் பண்ணினேள்?"

ஆரம்பத்திலிருந்து சொல்வதென்றால் பஜ்ஜியிலிருந்து சொல்ல வேண்டும். ஸ்வீட்டியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று ராத்திரிக் கஞ்சியில் உப்பு இல்லை. சூடாமணி முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படி வாயை மூடிக்கொண்டு இருந்ததே கிடையாது. வேதாந்தத்துக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

மறுநாள் ஆபீஸுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு போன் கம்பெனியின் கடைக்கே போனார். கவுண்டரில் ஸ்நேஹா என்று பெயர் அட்டை குத்திக்கொண்டிருந்த பெண், கம்ப்யூட்டரைப் பார்த்துக் கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.

"யோகாசனம், ராசிபலன், கிரிக்கெட், கெட்டிமேளம், ஸ்வீட்டி. எல்லாத்துக்கும் நீங்களே சம்மதம் குடுத்திருக்கீங்க சார்."

வரிசையில் நின்றவர்கள் ஸ்வீட்டிக்குச் சம்மதம் கொடுத்த மனிதரை எட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாத்தையும் எடுத்துடும்மா. முக்கியமா இந்த நலம் நாடும் சேவை. மூல வியாதியே அதுதான்."

ஸ்நேஹா அவர் போனை வாங்கி, அவர் அழித்திருந்த மெசேஜ்களில் கடைசியானதைத் தோண்டி எடுத்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"மத்ததெல்லாம் எடுத்துட்டேன் சார். இது எங்களோடது இல்ல. சாதாரண பத்து இலக்க நம்பர். யாரோ ஆளு அனுப்புறாங்க. இதுக்காக உங்க பேலன்ஸ்ல ஒரு பைசாகூடப் போகல. வேணும்னா கூப்பிட்டுப் பாருங்களேன்."

"ஐயையோ, வேண்டாம்மா!"

கூப்பிட்டு யாராவது எடுத்துவிட்டால்? பஜ்ஜி தின்பது நான்தான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வெளியே வந்தார். கால்கள் பழக்கத்தில் மாட வீதிக்கே இழுத்துக்கொண்டு போயின. யாராக இருக்கும்? ஆடிட்டரா? கிரீஷா? எதிர்வீட்டுக்காரரா? கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். கபாலீஸ்வரரிடம் செல்போன் இருக்க நியாயமில்லை. இருந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

யாராக இருந்தால் என்ன? ஒரு பஜ்ஜிக்காகக் கட்டின பெண்டாட்டியை ஸ்வீட்டியை நினைத்துக் குமுறவிட்டாயிற்று. அவளோ எனக்காகக் கஞ்சி குடிக்கிறாள். வேதாந்தத்துக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. போதும், எல்லாவற்றையும் இன்றோடு தலைமுழுகிவிடலாம்.

தள்ளுவண்டி முன்னால் போய் நின்றார். சக்திவேல் எண்ணெயிலிருந்து பஜ்ஜிகளை அரித்துத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தான். அந்த வாசனையில் ஒரு கணம் மனம் ஆடியது. மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"சக்திவேல், என்னை மன்னிச்சுடுப்பா. இனிமே நான் பஜ்ஜி திங்க வரமாட்டேன்."

சக்திவேலின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"நெசமாவா மாமா?"

"சத்தியமா. மாமிக்குத் துரோகம் பண்ண மனசு வரலை."

சக்திவேல் கரண்டியை வைத்துவிட்டு, ஆகாசத்தைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டான்.

"அப்பாடா! நீங்க இங்க வர ஆரம்பிச்சதுலர்ந்து மாமிக்குத்தான் ஒரு பஜ்ஜிகூட நிம்மதியா துன்ன முடியல. உங்கள வெரட்டி உடுன்னு அவங்க சொல்லச் சொல்ல மெசேஜ் அனுப்பியே என் கட்டவெரல் நொந்துபூச்சு மாமா!"