பீடத்தின் முன் ஓர் அறுக்குளா

திருகோணமலையில் வேதத்தை நம்பிய கிறிஸ்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்ற நாங்கள் அதை வாசித்துக்கொண்டிருந்தோம்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. சபைச் செயலாளர் என்ற முறையில் அது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ‘அப்படியே’. வேதத்தில் எந்தக் கட்டளையைக் காட்டினாலும், “அப்பிடியே செய்ய வேண்டியதுதானே?” என்று கேட்பார். கேட்பதோடு நின்றிருந்தால் எங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. அவர் செய்துவிடுவார்.

உட்துறைமுக வீதியில் படகு எஞ்சின் திருத்தும் பட்டறை வைத்திருந்தார். நாளையைப் பற்றிக் கவலைப்படக்கூடாது, நாளைக்கு இதைச் செய்வேன் என்று பெருமை பேசவும் கூடாது என்று எழுதியிருப்பதால், அவருடைய பட்டறையில் எதிர்காலம் என்ற ஒன்றே இருக்கவில்லை. சல்லிக் கிராமத்திலிருந்து எஞ்சினைக் கொண்டுவந்த மீனவர் ஒருவர் அவரிடம் பட்ட பாட்டை நான் அருகில் நின்று கேட்டேன்.

“எப்ப வந்து எடுக்கிறது?”

“முடிஞ்சாப்பிறகு.”

“நாளைக்கு முடியுமோ?”

“நாளையைப் பற்றிக் கதைக்க எனக்கு உத்தரவில்லை.”

“நாளைக்கோ நாளையிண்டைக்கோ, முடியுமோ ஏலாதோ? அதையாவது சொல்லுங்கோவன்.”

“ஓம்,” என்றார். உண்டு, இல்லை என்பதற்கு மேல் பேசுவது தீமையால் வருவது என்றும் எழுதியிருக்கிறது.

அந்த மனிதர் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு “நாளைக்கு” என்று வாய் நிறையச் சொல்லும் வேறொரு மெக்கானிக்கிடம் போனார். பல நாளைகள் கழிந்தபின் அதே எஞ்சினோடு இங்கேயே திரும்பி வந்தார்.

இரண்டு அங்கி வைத்திருப்பவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்கவேண்டும் என்பதால் அவரிடம் ஒரே ஒரு சட்டைதான் இருந்தது. மாலையில் தோய்த்துக் காயப்போட்டுக் காலையில் போடுவார். தண்ணீருக்கு ஏங்கும் மானைப் பற்றியும் எழுதியிருக்கிறதல்லவா? அதனால் நகரத்தில் திரியும் மான்களுக்காகப் பட்டறை வாசலில் ஒரு பேசினில் தண்ணீர் வைத்தார். மான்கள் வந்தன, குடித்தன, கொடியில் கிடந்த சட்டையைத் தின்றன. அந்த ஞாயிறு அவர் ஆராதனைக்கு வந்தது எஞ்சின் ஒயில் கொம்பனி ஒன்று இலவசமாகக் கொடுத்த ரீசேட்டில். நெஞ்சில் பெரிய எழுத்தில் ‘உராய்வைக் குறைக்கும்’ என்று அச்சடித்திருந்தது. சபையில் அன்றைக்கு அது உண்மையாக இருக்கவில்லை.

வலது கை செய்யும் தர்மத்தை இடது கை அறியக்கூடாது என்பதையும் விடவில்லை. சைக்கிளில் போகும்போது பிச்சை கேட்டவருக்கு வலது கையால் சில்லறையை நீட்டினார். இடது கை அதைக் காணாமல் இருக்க அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். சைக்கிளைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. வீதியோரக் கானுக்குள் விழுந்தவரைத் தூக்கிவிட்டது அந்தப் பிச்சைக்காரர்தான்.

ஊரில் கண்நோய் பரவிய காலத்தில் அவருடைய மனைவி எஸ்தர் அக்கா, பட்டறையில் இருந்த குறடு, திருப்புளி எல்லாவற்றையும் வீட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். இடறல் உண்டாக்கும் கண்ணைப் பிடுங்கிப் போடச் சொல்லி எழுதியிருக்கிறது என்று அக்காவுக்கும் தெரியும். இதில் நான் எதையும் கூட்டவில்லை. கூட்டியிருந்தால் அது அக்கா கூட்டியது.

இந்த நிலையில்தான் எங்களுக்குப் புதுப் போதகர் வந்து சேர்ந்தார். இளைஞர், நன்றாகப் படித்தவர், கிரேக்கம் தெரிந்தவர். வேதத்தில் கவிதை உண்டு, உவமை உண்டு, உருவகம் உண்டு, எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து எடுக்கக்கூடாது என்று பிரசங்கித்தார். எங்களுக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது. ஆராதனை முடிந்து வாசலில் அப்படியே அவரை மறித்தார்.

“எதை அப்பிடியே எடுக்கிறது, எதை விடுறது எண்டு ஆர் போதகர் முடிவெடுக்கிறது?”

“சந்தர்ப்பத்தைப் பார்க்கவேணும், ஐயா.”

“ஆற்ற சந்தர்ப்பத்தை? சொன்னவற்ற சந்தர்ப்பத்தையோ, எங்கட சந்தர்ப்பத்தையோ?”

போதகர் சிரித்துச் சமாளித்தார். “கண்ணைப் பிடுங்கச் சொல்லியும் இருக்குத்தானே. நீங்கள் பிடுங்கினனீங்களோ?”

“என்ர கண் இன்னும் எனக்கு ஒரு கரைச்சலும் தரேல்லை. தந்தால் யோசிப்பன்.”

எஸ்தர் அக்கா கண்ணை மூடிக்கொண்டதை நான் கண்டேன்.

இதெல்லாம் சிரிக்கிற பகுதி. சிரிக்க முடியாத பகுதி ஒன்றும் இருந்தது, அது புல்மோட்டையில் இருந்தது. அப்படியேயின் ஒரே தம்பி அங்கே குடும்பத்தோடு இருக்கிறார். தம்பியின் மகளைப் பெண் பார்க்க வந்த நாளில், பெரியப்பா என்று இவரையும் கதிரை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் பேச்சோடு பேச்சாக, “பிள்ளைக்கு வருத்தம் ஏதும் இருக்கோ?” என்று கேட்டார். அப்படிக் கேட்பது வழக்கம். “அப்பிடி ஒண்டுமில்லை” என்பது அதற்கு வழக்கமான பதில். இவர் சொன்னது, “ஓம். தொய்வு.”

வந்தவர்கள் பலகாரத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, நல்ல மரியாதையோடு எழும்பிப் போனார்கள். பிறகு வரவில்லை. தம்பி அன்றைக்கு விட்ட பேச்சை ஆண்டுகள் போயும் எடுக்கவில்லை. அந்தப் பிள்ளை பின்னர் வேறு இடத்தில், தொய்வு என்ற அந்த மூச்சிழுப்பைத் தெரிந்தே வந்த ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கலியாணத்துக்கு இவருக்குச் சொல்லவில்லை. எஸ்தர் அக்கா போய்வரச் சொல்லி அழுதபோதெல்லாம் இவரிடம் ஒரே பதில்தான்: “எனக்கு அவனில ஒரு குறையும் இல்லை. நான் ஏன் போகவேணும்?” ஆனால் சாப்பாட்டு மேசையில் தம்பி வந்தால் உட்காரும் கதிரையில் வேறு யாரையும் அவர் உட்காரவிட்டதில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபையில் அன்றைக்குப் பூசணிக்காய், தேங்காய்க் குலை, கோழி என்று அவரவர் விளைச்சலைப் பீடத்தின் முன் வைத்து, ஆராதனை முடிய ஏலம் போடுவோம். சல்லி மீனவர் திருத்துக் கூலியோடு சேர்த்து அன்பாகக் கொடுத்த பெரிய அறுக்குளா மீன் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அப்படியே வந்தார். இரண்டு கையும் அறிந்த முதல் காணிக்கை அது.

அவர் பீடத்தை நெருங்கவும் போதகர் அன்றைய பகுதியை வாசிக்கவும் சரியாக இருந்தது. காணிக்கை கொண்டுவரும்போது, சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்ற பகுதி.

அப்படியே நின்றுவிட்டார்.

“போதகர், அதைத் திருப்பி வாசியுங்கோ. ஆருக்கு ஆர்மேல குறை?”

போதகர் திருப்பி வாசித்தார். சகோதரனுக்கு. உன்மேல்.

அவர் மீனை மெதுவாகக் கீழே வைத்தார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வாசலைக் கடந்து பஸ் நிலையத்தின் பக்கம் நடந்தார். எஸ்தர் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மற்றதெல்லாம் ஏலம் போனது. மீன் கிடந்தது. வெயில் ஏறியது. போதகர் என்னைக் கூப்பிட்டு அதை எடுத்துவிடச் சொன்னார். நான் குனிந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியையான ரோஸ் ரீச்சர் தடுத்தார். அப்படியேயைப் பல வருடமாகப் பரிகாசம் செய்தவர்களில் முதன்மையானவர் ரீச்சர்தான்.

“அங்கேயே வைச்சிட்டுப் போ எண்டுதான் இருக்கு. எடுக்கச் சொல்லி எங்க இருக்கு?”

“அது ஒரு உருவகம், ரீச்சர்.”

“உருவகம் நாறாது, போதகர்.”

சபைக்குழு அவசரமாகக் கூடியது. அந்த மனிதர் தம்பியிடம் போயிருக்கும்போது நாங்கள் மீனை எடுத்தெறிந்தால், போன காரியமும் கெட்டுவிடும் என்று எல்லாருக்கும் உள்ளூர ஒரு பயம். யாரும் அதை வாயால் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேற்றுமை உருபுகளைப் பற்றி விவாதித்தோம். மீன் கொண்டுபோகும் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு மீனை அதற்குள் வைத்தால் அது ‘அங்கேயே’ ஆகுமா? பெட்டி பீடத்தின் முன் இருந்தால் மீனும் பீடத்தின் முன் இருப்பதாகுமா, அல்லது பெட்டிக்குள் மட்டும் இருப்பதாகுமா? போதகர் கிரேக்க மூலத்தை எடுத்தார். “கிரேக்கத்தில ஐஸ் இருக்கோ?” என்று ரீச்சர் கேட்டார். இல்லை என்று போதகர் ஒப்புக்கொண்டார். இறுதியில், மீனைத் தூக்காமல் பெட்டியின் அடியை வெட்டி, அதை மீனுக்கு மேலாக இறக்கி ஐஸ் கொட்டுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். ஆம் என்று முதலில் கையைத் தூக்கியவர் போதகர்.

அன்று மாலை ஜெபத்துக்கு வழமையைவிடக் கூடுதலானோர் வந்தார்கள். அதில் பாதி பூனைகள்.

மூன்றாம் நாள் அப்படியே திரும்பி வந்தார். இதற்கு நான் உட்பொருள் எதுவும் வைக்கவில்லை. உண்மையிலேயே மூன்றாம் நாள்தான். கூடவே தம்பியும் வந்திருந்தார். நடந்ததை எனக்குச் சொன்னதும் தம்பிதான். முதல் நாள் முழுக்கப் படலையைத் திறக்கவில்லையாம். இவர் வெளியே வேலியோரம் குந்திக்கொண்டு இருந்திருக்கிறார். கடைசியில் தம்பி போய், “என்னத்துக்கு வந்தனீங்கள்?” என்று கேட்டிருக்கிறார்.

“உனக்கு என்னில குறை இருக்கு.”

“இப்பதான் தெரியுமோ?”

“ஓம். எனக்கு உன்னில குறை இருக்கோ எண்டுதான் இவ்வளவு நாளும் பார்த்தனான். பிழையா வாசிச்சுப்போட்டன்.”

“நீங்களோ?” என்றாராம் தம்பி. “நீங்களோ அண்ணை, பிழையா வாசிச்சது?” தாய்வீட்டுக்கு வந்திருந்த அந்த மகள்தான், “பெரியப்பா, உள்ளுக்க வாங்கோ” என்று படலையைத் திறந்திருக்கிறாள்.

அடியில்லாத பெட்டியை நாங்கள் தூக்கினோம். அறுக்குளாவின் நிலையை நான் எழுதப்போவதில்லை. திரும்பி வந்து காணிக்கையைச் செலுத்து என்றும் எழுதியிருப்பதால் அப்படியே அதைச் செலுத்தினார். போதகர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆசீர்வதித்தார். வழக்கப்படி ஏலமும் போட்டோம். ஏலம் கேட்டது ஒரே ஆள்தான், அது தம்பி. வாங்கிய மீனை அண்ணனோடு சேர்ந்து தூக்கிப் போய்க் கோயில் வளவில் குழி தோண்டித் தாட்டார். அந்த இடத்துத் தென்னை இப்போது வஞ்சகமில்லாமல் காய்க்கிறது.

புல்மோட்டையில் படகுகள் நிறைய, நல்ல மெக்கானிக் இல்லை என்று தம்பி கூப்பிட்டதால், போன மாதம் அவரும் எஸ்தர் அக்காவும் அங்கேயே குடிபோனார்கள். பஸ் ஏற்றிவிட நான் போயிருந்தேன். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், “நத்தார் ஆராதனைக்கு வருவியளோ?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அவருக்கு நாளையைப் பற்றிக் கதைக்க உத்தரவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் குனிந்தார். பஸ் அசைந்தது.

“ஓம்,” என்றார்.

நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.